காற்று வாங்கப் போனவர்

என்ன ஆனாலும் சரி, கார் சாவி மட்டும் மனைவியின் கைக்குப் போகக் கூடாது என்று அவர் தீர்மானித்தார். தீர்மானித்த கையோடு சாவியைத் தேடினார். ஆணியில் இல்லை. மேசையில் இல்லை. சட்டைப் பையிலும் இல்லை. கடைசியில் மனைவியிடமே கேட்க வேண்டியதாகிவிட்டது.

"என் பையில இருக்கு. ஏன், எங்கயாவது போறீங்களா?"

"இல்ல, சும்மாதான்."

"சும்மாவுக்கு எதுக்குச் சாவி? அங்கயே இருக்கட்டும்."

அங்கேயே இருந்தது. இப்படியாக அவருடைய தீர்மானம் பிறந்த வேகத்திலேயே கண்ணை மூடியது.

அவர் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில், விபத்துப் பிரிவில் வேலை பார்க்கிறவர். எந்த வண்டி எதில் மோதினாலும் அதன் கதை ஒரு காகிதக் கட்டாக அவர் மேசைக்கு வந்து சேரும். காலையில் ஒரு லாரி கவிழும். சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு வேன் பள்ளத்தில் இறங்கும். டீ வரும்போது யாருக்காவது டயர் வெடிக்கும். எல்லாம் காகிதத்தில்தான். ஆனாலும் வருஷக்கணக்காக இதையே படித்துப் படித்து, ரோட்டில் போகிற வண்டியெல்லாம் அவர் கண்ணுக்கு இன்னும் பூர்த்தி செய்யப்படாத நஷ்டஈட்டு விண்ணப்பமாகவே தெரிந்தன. அவர் கார் ஓட்டினால் பின்னால் வருகிற சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள். ஆபீஸில் அவருக்கு ஹேண்ட்பிரேக் என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வராது. காரிலேயே பொறுப்பான பாகம் அது ஒன்றுதான் என்பது அவருடைய அபிப்பிராயம்.

மனைவி ஒரு கிளினிக்கில் நர்ஸ். பயம் என்பது அடுத்தவர்களுக்கு வருவது என்பதே அவள் அனுபவம். ஊசியைக் கண்டு கதவை நோக்கி ஓடுகிறவர்களைத் தோளில் தட்டி உட்கார வைத்து, அவர்கள் அலறுவதற்குள் வேலையை முடித்துவிடுகிறவள். ஒரு நாள் அவள், "நானும் கார் ஓட்டக் கத்துக்கட்டுமா?" என்று கேட்டபோது ஹேண்ட்பிரேக் தாராளமாகத் தலையாட்டினார். அவரே மூன்றாவது முயற்சியில்தான் லைசென்ஸ் வாங்கியவர். ஒரு தடவை தோற்றுவிட்டு வந்தால் ஆசை தானாக அடங்கிவிடும் என்று நினைத்தார். அவள் போனாள். திருப்பினாள், ஒடித்தாள், ரிவர்ஸ் எடுத்தாள், முதல் தடவையிலேயே லைசென்ஸோடு வீடு வந்து சேர்ந்தாள்.

சரி, லைசென்ஸ்தானே, அது பாட்டுக்கு அலமாரியில் கிடக்கட்டும் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்த சமயத்தில் மாமியார் வந்து சேர்ந்தார். மாமியாருக்கு ஒரு கண்ணில் புரை. ஆபரேஷன் வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரி இருப்பது பக்கத்து நகரத்தில். நெடுஞ்சாலை வழியாகத்தான் போக வேண்டும். அதே வெள்ளிக்கிழமை அவருடைய ஆபீஸில் ஆடிட். லீவு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவே துணியாத நாள்.

"பஸ்ல கூட்டிட்டுப் போயேன்," என்றார் அவர்.

"கண் ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்களைப் பஸ்ல இடிபட வைக்கணுமா?"

"அப்ப ஒரு வாடகைக் கார் சொல்லிடலாம்."

"வாசல்ல நம்ம கார் நிக்குதே."

"நிக்கிற வரைக்கும் அது ரொம்பப் பாதுகாப்பான கார். ஓடும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கு."

மாமியார் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "எம் பொண்ணு நல்லாப் பார்த்து ஓட்டுவா மாப்பிள்ளை. எனக்குக் கண்ணு மங்கல்தான். ஆனா அது மட்டும் பளிச்சுன்னு தெரியுது."

"இவ பார்த்து ஓட்டுவா அத்தை. எதிர்ல வர்றவன் பார்க்கணுமே."

"எதிர்ல வர்றவனுக்கும் புரையா இருந்தா நம்ம டாக்டர்கிட்டயே சொல்லிடலாம்," என்றாள் மனைவி. "இந்த வாரம் தினமும் காலையில கிளினிக் போறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் ஓட்டிப் பழகிக்கிறேன். வெள்ளிக்கிழமை அம்மாவை நானே கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் பேச்சை ஆரம்பிப்பது அவர் உரிமை, முடிப்பது மனைவியின் உரிமை.

வேண்டாம் என்று வாயால் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால் காரணம் கேட்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்பது உண்மையான காரணம். ஆனால் ஒரு ஆண்பிள்ளை மாமியார் முன்னால் சொல்லிக்கொள்ளக் கூடிய காரணம் இல்லை. படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்ததில் ஒரு வழி தென்பட்டது. தான் வேண்டாம் என்று சொன்னால்தானே சண்டை? டயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாரோடு சண்டை போடுவாள்?

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவர் செருப்பை மாட்டினார்.

"எங்க மாப்பிள்ளை இவ்வளவு சீக்கிரம்?" ஹாலில் படுத்திருந்த மாமியார் கேட்டார்.

"சும்மா கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன் அத்தை."

வாங்கப் போகவில்லை, விடத்தான் போனார். காரின் பின்பக்கம் குந்தி, டயரில் காற்றடைக்கும் மூக்கின் மூடியைத் திருகி எடுத்தார். பேனா முனையால் உள்ளே இருக்கிற ஊசியை அழுத்தினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். உலகத்துக்கே கேட்டுவிட்டது போல அவருக்கு இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் திறந்திருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. டயர் மெல்ல மெல்ல உட்கார்ந்தது. மூடியைத் திருகி மாட்டிவிட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, காற்று வாங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"அடடா," என்றார் வாசலில் நின்று, வீட்டுக்குள் கேட்கும்படி. "டயர் உக்காந்துடுச்சே. இன்னைக்கு வண்டி எடுக்க முடியாதே."

மனைவி வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தாள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். ஜாக்கி வைத்தாள், நட்டுகளைக் கழற்றினாள், ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளை எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி முடுக்கினாள். அவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். வெயில் வந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆனாலும் கிளினிக் நேரம் வந்துவிட்டது. ஓட்டிப் பழக முடியவில்லை. வண்டி எடுக்க முடியாது என்று சொன்ன வாய்க்காக ஹேண்ட்பிரேக் ஆபீஸுக்குப் பஸ்ஸில் போனார். பஸ் ஜன்னலோரத்தில் காற்று ஜிலுஜிலுவென்று வந்தது.

சாயங்காலம் மனைவி சொன்னாள்: "பஞ்சர் கடையில அந்த டயரைத் தண்ணியில முக்கிப் பார்த்தாங்க. ஒரு ஓட்டையும் இல்லையாம்."

"சின்ன ஓட்டையா இருக்கும். தண்ணியைக் கண்டா மூடிக்கும்."

"ஓட்டைக்கு அவ்வளவு புத்தி இருக்குமா?"

"டயர் கொஞ்சம் டயர்டா இருந்திருக்கும்," என்று சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. மாமியார் மட்டும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

அடுத்த நாள் இன்னொரு டயர். அதற்குள் அவள் கிளினிக் டாக்டரிடமிருந்து கால் பம்ப் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தாள். நின்ற இடத்திலேயே மிதித்து ஏற்றிவிட்டாள். அளவு பார்க்கிற கருவியும் கையில் இருந்தது. "வண்டி ஓடாம ஆறிக் கிடக்கும்போதுதான் அளக்கணுமாம். ஓடிட்டு வந்து அளந்தா சூட்டுல ஜாஸ்தியாக் காட்டுமாம். நம்ம ஊசி போடுற ஜுரக்காரங்க மாதிரிதான்," என்றாள். ஏற்றுவதிலும் அளப்பதிலும் அன்றைய பொழுதும் போயிற்று. ஓட்டிப் பழக வேண்டியவள் டயரோடு பழகிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அவர் உத்தியை மாற்றினார். காற்றை மட்டுமே நம்பினால் சந்தேகம் வரும். டயரைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த டயரெல்லாம் வழுக்கையாயிடுச்சு. மழை வந்தா வழுக்கும். பிரேக் புடிக்காது. இதை நம்பி ரோட்டுல இறங்கக் கூடாது."

"வழுக்கையானா நம்பக் கூடாதா?" அவள் அவருடைய தலையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து டயரின் வரிப்பள்ளத்துக்குள் செருகினாள். காசு நன்றாகவே உள்ளே போயிற்று. பள்ளத்துக்குப் பள்ளம், டயருக்கு டயர் செருகிப் பார்த்தாள். "இன்னும் நல்லாத்தான் இருக்கு. பள்ளத்துக்கு நடுவுல சின்னதா மேடு இருக்கு பாருங்க, அதோட சமமாத் தேய்ஞ்சாத்தான் மாத்தணுமாம். உங்க தலைக்குத்தான் அந்த மேடு எப்பவோ வந்துடுச்சு."

எதிர்வீட்டு ஜன்னலில் தையல் மிஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

பிறகு அவள் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து நான்கு மூக்கிலும் தடவினாள். ஒரு குமிழி கூடக் கிளம்பவில்லை. மூடியை மாட்டிவிட்டு எழுந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் கிளினிக்கில் பார்த்திருக்கிறார். மருந்து சாப்பிட்டேன் என்று பொய் சொல்லும் நோயாளிகளை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

வியாழக்கிழமை அவர் பயந்துகொண்டு காற்று வாங்கவே போகவில்லை. அவள் காரை எடுக்கவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அது அவரை இன்னும் கலக்கியது. மனைவி பேசினால் எதிரில் என்ன வருகிறது என்று வீட்டுக்காரனுக்குத் தெரியும். பேசாவிட்டால் இருட்டில் படி இறங்குகிற மாதிரி. அன்று ஆபீஸில் நெடுஞ்சாலை ஒன்றில் டயர் வெடித்துப் புரண்ட ஒரு காரின் போட்டோ மேசைக்கு வந்தது. சக்கரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காரின் நிறம் அவர் காரின் நிறம். அதற்குமேல் அவருக்கு வேலை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் அவர் கடைசித் துணிச்சலைத் திரட்டிக்கொண்டார். ஒரு டயர் போனால் ஸ்டெப்னி இருக்கிறது. ரெண்டு போனால்? வலது பக்கத்து இரண்டு டயர்களையும் கடைசி மூச்சு வரை இறக்கினார். கார் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. கால் பம்பைப் பரண்மேல் ஏற்றி, பழைய மெத்தைக்குப் பின்னால் தள்ளினார். பிறகு, பாவம் செய்தவர்களுக்கே உரிய அவசரத்தோடு, வழக்கத்துக்கு முன்பே ஆபீஸுக்குக் கிளம்பினார்.

மனைவி வாசல் வரை வந்தாள். "தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டீங்களா? நல்லபடியாப் போயிட்டு வாங்க," என்றாள்.

அந்தக் கனிவு அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆடிட்டர் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருக்கும். போன் அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, நாங்க கிளம்பிட்டோம். சொல்லாமக் கிளம்பினோம்னு நினைச்சுக்கக் கூடாது, அதான் போட்டேன்."

"எதுல கிளம்பினீங்க அத்தை?"

"நம்ம கார்லதான். எம் பொண்ணு என்னமா ஓட்டுறா. பஞ்சு மாதிரி போகுது."

பஞ்சு மாதிரி போகாமல் என்ன செய்யும்? காற்றில்லாத டயர் பஞ்சு மாதிரிதான் போகும். அவர் எழுந்து வராந்தாவுக்கு ஓடினார். சப்பையான டயரில் ஓட்டினால் ரப்பர் மடிந்து மடிந்து சூடேறும், சூடேறினால் கிழியும், கிழிந்தால் வண்டி திரும்பும், திரும்பினால் எதிரில் ஒரு லாரி வரும். இதெல்லாம் அவர் ஆயிரம் காகிதத்தில் படித்தது. ஆயிரத்திலும் லாரி தவறாமல் வந்திருந்தது.

"போனை அவகிட்டக் குடுங்க அத்தை."

"ஓட்டும்போது போன் பேசக் கூடாதுன்னு நீங்கதானே அவகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கீங்க? மாட்டேங்குறா. என்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்."

அந்தச் சமயத்தில் போனில் கர்ரென்று ஒரு பெரிய இரைச்சல்.

"அது என்ன சத்தம்?"

"லாரி மாப்பிள்ளை. ரொம்பப் பக்கத்துல வருது."

"வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க அத்தை. உடனே."

"ஏன் நிறுத்தணும்னு கேக்குறா."

"டயர்ல காத்துக் கம்மியா இருக்கும்."

"ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்குறா."

"காலையில பார்த்தேன்."

"பார்த்திருந்தா ஏன் சொல்லலன்னு கேக்குறா."

"மறந்துட்டேன்."

"டயர் விஷயத்தை நீங்க மறப்பீங்களாங்குறா. அந்த லாரி இன்னும் கூடவே வருது மாப்பிள்ளை. நான் வச்சிடட்டுமா?"

"வைக்காதீங்க அத்தை." அவர் கத்தியேவிட்டார். வராந்தாவில் நின்ற பியூன் திரும்பிப் பார்த்தார். அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. "நான்தான். காலையில காத்தை எறக்கிவிட்டது நான்தான். இந்த வாரம் பூராவும் நான்தான். தயவு செஞ்சு நிறுத்தச் சொல்லுங்க. அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

இரைச்சல் நின்றது. போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"எந்த டயர்?" என்றாள் மனைவி.

"வலது பக்கம். ரெண்டும்."

"சரி. உங்க வாயால வரட்டும்னுதான் காத்திருந்தேன். நாங்க இன்னும் கிளம்பல. அம்மா ஹால்ல உக்காந்திருக்காங்க."

"அப்ப அந்த லாரி?"

"மிக்ஸி. அம்மாவுக்கு ஜூஸ் போட்டேன். ரெண்டு டயரையும் மிதிக்க எனக்குத் தெம்பு இல்ல. எறக்கினவர் வந்து ஏத்திட்டுப் போங்க. பம்பைப் பரண்லேர்ந்து எடுத்து வாசல்ல வச்சிருக்கேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் மாமியாரின் வாய் வழியாகக் கெட்டார். மேனேஜரிடம் குடும்பத்தில் ஒரு அவசரம் என்றார். அவர் முகத்தைப் பார்த்த மேனேஜர் மறுபேச்சு இல்லாமல் தலையசைத்தார். லீவு கிடைத்தது. அதைக் கேட்கத்தான் வாரம் முழுக்க அவர் பயந்துகொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் பம்ப் நடு ரோட்டைப் பார்க்க வைக்கப்பட்டிருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னலோரத்துக்கு மிஷினையே நகர்த்திப் போட்டிருந்தார். ஹேண்ட்பிரேக் ஆபீஸ் சட்டையோடு மிதிக்க ஆரம்பித்தார். இறக்கும்போது புஸ்ஸென்று போன காற்று, ஏறும்போது ஒவ்வொரு மூச்சாகத்தான் ஏறியது. டயருக்கு ஏற ஏற அவருக்கு இறங்கியது. மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து வாங்கினது போதுமா மாப்பிள்ளை?"

அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல மூச்சு இல்லை.

வலது பக்கம் முடிந்ததும் மனைவி கருவியோடு வந்து இரண்டையும் அளந்தாள். அளந்த கையோடு இடது பக்கம் போனாள். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்ததால் அந்தப் பக்கத்தை அதுவரை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. சோப்புத் தண்ணீர் தடவியபோதுகூட அவள் மூக்கு இருந்த இடத்தை மட்டும் எட்டித் தொட்டிருந்தாள். இப்போது சுவருக்கும் காருக்கும் நடுவில் நுழைந்து குந்தி, முன் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனாள். நரம்பு தேடுகிற விரல். ஒரு இடத்தில் அது நின்றது.

"இங்க வாங்க."

குரல் மாறியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். டயரின் கன்னத்தில், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி உள்ளே வைத்தது போல ஒரு புடைப்பு.

அது என்னவென்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டயருக்கு உள்ளே இருக்கிற நூல் அறுந்துவிட்டால்தான் அப்படிப் புடைக்கும். அதற்குமேல் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர் தோல். எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். எத்தனையோ விபத்து அறிக்கையில் அவரே சிவப்பு மையால் அதன் கீழ் கோடு போட்டிருக்கிறார்.

எப்படி வந்தது என்பதும் அவருக்குத் தெரிந்தது. தெருவில் வலது பக்கம் வருகிற எல்லா வண்டியும் அவருக்குப் பயம். அதனால் தினமும் சாயங்காலம் இடது பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி, கேட்டுக்குத் திரும்பும்போது நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கித்தான் உள்ளே வருவார். தொப்பென்று ஒரு சத்தம் வரும். பத்திரமாக வீடு வந்து சேர்ந்த சத்தம் என்றுதான் அவர் அதை நினைத்திருந்தார்.

"போன வாரம் வரைக்கும் இதுலதான் ஆபீஸ் போயிட்டு வந்தீங்க," என்றாள் மனைவி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "அன்னைக்கு என்னையும் அம்மாவையும் ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வந்ததும் இதுலதான்."

"நான் பார்க்கவே இல்ல."

"வெடிச்ச டயரையெல்லாம் தினமும் பார்க்குறீங்க. வெடிக்காத டயரைத் திரும்பிப் பார்க்கல." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். விரல் லேசாக நடுங்குவதை அவர் கவனித்தார். இத்தனை வருஷத்தில் அந்த விரல் நடுங்கி அவர் பார்த்ததில்லை. "நான் வண்டி ஓட்டுறது பயம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். தினமும் ஊசிக்குப் பயப்படுறவங்களைப் பார்க்குறவதானே நான்? சிரிச்சிருக்க மாட்டேன்."

"சிரிச்சிருப்பே."

"கொஞ்சம் சிரிச்சிருப்பேன்," என்று ஒப்புக்கொண்டாள்.

காரைச் சுவரை விட்டு முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, புடைத்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினார்கள். இந்தத் தடவை நட்டுகளை அவர் முடுக்கினார். அவள் சரிபார்த்தாள். வழியில் டயர் கடையில் முன் டயர் இரண்டையும் புதிதாகப் போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆபரேஷனுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வழக்கம்போல டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். சீட்டில் ஏற்கனவே மனைவி இருந்தாள். சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். அங்கே மாமியார் பெல்ட் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். பின் சீட்டு காலியாக இருந்தது. அதிலும் பாதி இடத்தில் கழற்றிய டயர் இருந்தது.

டயரைக் கட்டிக்கொண்டு அவர் டயர் கடை வரை போனார். அதன் புடைப்பு விலாவில் இடித்துக்கொண்டே வந்தது.

கடையில் முன் டயர் இரண்டும் புதிதாக ஏறின. சக்கரங்களின் கோணத்தையும் நேர் செய்தார்கள். டயர் கடைக்காரர் பழைய டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு சார் ஓட்டினது, புதுசா லைசென்ஸ் வாங்கினவங்களா?" என்று கேட்டார்.

மனைவியும் மாமியாரும் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்தார்கள்.

"வீட்டுலதான், தெரிஞ்ச ஒருத்தர்," என்றார் அவர்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின் சீட்டில் பிரேக் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால் தரையை அழுத்தியது. லாரி வந்தால் கண்ணை மூடினார். திறந்தால் லாரி பின்னால் போயிருந்தது. மறுபடி ஒன்று வந்தது, மறுபடி மூடினார். அவள் முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டாள், கண்ணாடி பார்த்தாள், வழி கொடுத்தாள், வழி எடுத்தாள். ஒரு தடவை கூடச் சட்டென்று பிரேக் போடவில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று அவர் பாதி வழி தேடினார். கிடைக்காத கவலையில் மீதி வழி போயிற்று.

"மாப்பிள்ளை, என் தோளை விட்டுட்டுச் சீட்டைப் பிடிச்சுக்கிறீங்களா?" என்றார் மாமியார் ஒரு இடத்தில்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வரும்போதும் அவளே ஓட்டினாள். கேட்டுக்குத் திரும்பும்போது நடைபாதைக் கல்லைத் தொடாமல் வளைத்து உள்ளே நிறுத்தினாள். தொப்பென்ற சத்தம் வராததால் வீடு வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஏற்பாடு. அவருக்குத்தான் விடியற்காலையில் எழுகிற பழக்கம் வந்துவிட்டதே, அதை வீணாக்குவானேன்? வாரம் ஒரு நாள் டயர்களை ஆறின நிலையில் அளக்க வேண்டும், ஸ்டெப்னி உட்பட. நான்கு டயரின் கன்னத்தையும் உள்பக்கம் வெளிப்பக்கம் தடவிப் பார்க்க வேண்டும். வரிப்பள்ளத்தில் மாட்டிய கல்லை எடுக்க வேண்டும். அவர் செய்தார். உண்மையைச் சொல்லப் போனால் மனசுக்கு நிம்மதியாகவே செய்தார். பார்க்காத டயரைவிடப் பார்த்த டயர் அவரைக் குறைவாகத்தான் பயமுறுத்தியது. கார் கிளினிக்குக்குப் போய் வந்தது. அவர் பஸ்ஸில் போய் வந்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் அளந்து முடித்து எழுந்தபோது அவருக்கே ஒரு தைரியம் வந்தது. நேராக மனைவியிடம் போய் நின்றார்.

"நாலும் சரியா இருக்கு. ஸ்டெப்னியும் சரி. இன்னைக்கு நான் ஓட்டிட்டுப் போறேனே," என்று சாவிக்காகக் கையை நீட்டினார்.

அவள் நீட்டிய கையைப் பிடித்துச் சட்டையை மேலே சுருட்டினாள். கிளினிக் பையிலிருந்து பட்டையை எடுத்து முழங்கைக்கு மேல் சுற்றினாள். ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கிக் காற்றேற்றி, மெல்ல இறக்கி, முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருக்கு நெஞ்சு திக்குதிக்கென்றது. அதுவும் சேர்ந்து முள்ளில் ஏறியிருக்க வேண்டும்.

"டயர்ல சரியா இருக்கு. உங்ககிட்டத்தான் ஜாஸ்தியா இருக்கு," என்றாள். "இந்தப் பிரஷரை வச்சுக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாது."

"அப்ப நான் இன்னைக்கும் பஸ்லதான் ஆபீஸ் போகணுமா?"

அவள் பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"நடந்து போங்க, தானா எறங்கும். எறக்குறது உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."